வட்டக்காவும் இருநூற்றுப் பதினான்கு புள்ளிகளும்

“பெட்ரோல் பங்க் பக்கத்துலதான்” என்று யாராவது வழி சொன்னால் வட்டக்காவுக்குப் பொறுக்காது. சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை நிறுத்திவிட்டு, “எங்கேருந்து பக்கத்துல?” என்பார். சொன்னவர் விழிப்பார். “பங்க்குன்னா போர்டு ஒரு இடத்துல இருக்கும், பம்ப்பு ஒரு இடத்துல இருக்கும், காத்து அடிக்கிறது ஒரு மூலையில இருக்கும். நீங்க எங்கேருந்து அளக்குறீங்க?” வழி சொன்னவருக்கு, நாம் ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் வட்டக்கா. வட்டமும் அக்காவும் ஒட்டிக்கொண்ட பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. அவரைவிடப் பத்து வயது மூத்த கணக்குப் பிரிவுக்காரரே அப்படித்தான் கூப்பிடுகிறார். உருவத்தைப் பார்த்து வைத்த பெயரில்லை. ஆள் அளவுகோலை நிறுத்தி வைத்த மாதிரி நெட்டையாக, நேராக இருப்பார். அப்போது வயது நாற்பத்தாறு. கைப்பையில் சீப்பு, மாத்திரை, குடை ஆகியவற்றோடு ஐந்து மீட்டர் இரும்பு டேப் ஒன்றும் இருக்கும். அவர் நடையில் ஓர் எட்டு அறுபத்து நான்கு சென்டிமீட்டர். நான் கேட்கவில்லை, அறிமுகமான முதல் நாளே அவராகச் சொன்னார்.

நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் அலுவலகம் அது. அதன் வரைபடப் பிரிவு மூன்றாம் மாடியின் கடைசி அறை. லிஃப்ட் இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே போகிறவர்கள் முக்கியமானவர்கள் இல்லை என்று கட்டியவர்கள் நினைத்திருக்க வேண்டும். அறிக்கைகளைப் பிழை திருத்துகிறவன் என்ற முறையில் எனக்கும் அங்கேதான் ஒரு மேஜை போட்டிருந்தார்கள், அவருக்கு எதிரே. இரண்டு வருடம் அவர் வேலையைத் தினமும் பார்த்தேன்.

வேலையைச் சொல்வது எளிது. நகரத்தின் வரைபடம் கணினியில் இருக்கிறது. அதில் தண்ணீரைக் கெடுக்கக்கூடிய இடங்கள் எல்லாம் புள்ளிகள்: பெட்ரோல் தொட்டி, சாயப்பட்டறை, வண்டி கழுவும் இடம், கழிவு எண்ணெய்க் கிடங்கு. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, விதியில் சொன்ன தூரத்துக்கு ஒரு வட்டம் போட வேண்டும். பெட்ரோல் என்றால் நூற்றைம்பது மீட்டர், சாயம் என்றால் முந்நூறு, வண்டி கழுவுகிற இடத்துக்கு ஐம்பது. எங்கேயாவது கசிந்தால், அந்த வட்டத்துக்குள் எந்தெந்த வீட்டுக் கிணறுகள் விழுகின்றன என்று பட்டியல் எடுப்பார்கள். பட்டியலில் உள்ள வீட்டுக் கிணறு மூடப்படும். அந்த வீட்டுக்குத் தண்ணீர் லாரி போகும். மென்பொருளில் அந்த வட்டத்துக்குப் பஃபர் என்று பெயர். வட்டக்கா அந்தச் சொல்லை அதிகாரிகள் இருக்கும்போது மட்டும் பயன்படுத்துவார்.

அவர் அங்கே சேர்ந்தது வெறும் டைப் அடிக்க. வட்டம் போடுகிற வேலை பிறகு அவர் தலையில் விழுந்தது. ஆரம்பத்தில் எல்லாம் கைவேலை. புள்ளியைத் தொடு, பட்டியைத் திற, தூரத்தை எழுது, சரி என்று அழுத்து, நிறம் கொடு, அடுத்த புள்ளி. இப்படி இருநூற்றுப் பதினான்கு தடவை. ஒருநாள் நூற்று முப்பத்தொன்பதாவது வட்டத்தில் மின்சாரம் போய்விட்டது. சேமித்து வைக்கவில்லை. “அழுகைகூட வரல. அப்படியே ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அன்னைக்கு ஒண்ணு முடிவு பண்ணேன். இனிமே என் கையால ஒரு வட்டம் போட மாட்டேன். அதுவே போட்டுக்கணும்.”

அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தைக் கண்டு பின்வாசல் வழியாக ஓடியவர். பதினொரு வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கணினி நிரல் எழுதுவதைச் சொல்லித்தரும் வீடியோக்களைச் சத்தம் இல்லாமல் பார்த்திருக்கிறார். அடுத்த மேஜைக்காரர் அந்த நேரத்தில்தான் தூங்குவார். சத்தம் இல்லாததால் சொல்கிறவர் என்ன சொல்கிறார் என்று தெரியாது. என்ன எழுதுகிறார் என்பதை மட்டும் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். அந்த நோட்டை எனக்குக் காட்டியிருக்கிறார். பாதிப் பக்கங்களில் எழுத்து, மீதிப் பக்கங்களில் அடித்தல்.

அப்படிக் கற்று அவர் எழுதிய நிரலுக்குப் பெயர் ஸ்கிரிப்ட். அப்படியென்றால் என்ன என்று நான் கேட்டபோது அவர் விளக்கியதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. “ஆஸ்பத்திரி டோக்கன் வரிசை பாத்திருக்கீங்கல்ல? அதேதான். புள்ளிங்க எல்லாம் வரிசையில நில்லுங்க. ஒவ்வொருத்தரா வாங்க. நீ யாரு, பெட்ரோலா? உனக்கு நூத்தம்பது. இந்தா வட்டம், போ. அடுத்து யாரு? சாயமா? முந்நூறு. தள்ளாத, தள்ளாத. கடைசி ஆள் வந்ததும் கவுண்டரை மூடு. அவ்ளோதான் ஸ்கிரிப்ட்டு.”

முதல் தடவை ஓடவிட்டபோது திரை முழுக்க ஒரே நிறமாகிவிட்டதாம். “நான் மீட்டருன்னு நெனச்சு நூத்தம்பது குடுத்தேன். அது அட்லஸ்ல வர்ற அட்சரேகை டிகிரின்னு எடுத்துக்கிச்சு. ஒரு பெட்ரோல் பங்க்கோட வட்டத்துக்குள்ள உலகமே வந்து உக்காந்துடுச்சு. ஊர்ல இருக்குற அத்தன கிணத்தையும் மூடச் சொல்லி லிஸ்ட் வருது!” அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தத் தவறை அச்சடித்து இழுப்பறையில் வைத்திருக்கிறார்.

ஸ்கிரிப்ட்டின் வரிகளுக்கு நடுவே தனக்காகத் தமிழில் குறிப்புகள் எழுதியிருப்பார். ‘இந்த வரியை மாற்றினால் என்னிடம் சொல்லவும்.’ ‘இது ஏன் வேலை செய்கிறது என்று தெரியவில்லை, ஆனால் செய்கிறது.’ ‘இங்கே கை வைக்காதே.’ ஒரு குறிப்பில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்று சொன்னேன். “கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, சார்” என்றார். “நான் படிக்கிறேனே” என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் திருத்திக்கொண்டார்.

இவ்வளவும் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே எனக்குத் தெரியும். ஆனால் அவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தது அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்துதான்.

நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் தொட்டி கசிந்திருந்தது. வட்டக்கா ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டுப் பட்டியல் எடுத்துக் கொடுத்தார். அறுபத்து மூன்று வீடுகள். லாரிகள் போக ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. காலை பதினொன்றரை மணிக்கு ஒரு பெண் மூச்சு வாங்க எங்கள் அறைக்குள் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல்காரம்மா, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் தண்ணீர் பாட்டில்.

“லிஸ்ட்டு போட்டது யாரு?”

“நான்தான். உக்காருங்க.”

“உக்காரல. மோந்து பாருங்க.”

வட்டக்கா பாட்டிலை வாங்கி மோந்தார். என்னிடம் நீட்டினார். மண்ணெண்ணெய் விளக்கை அணைத்த மாதிரி ஒரு வாடை.

“எங்க தெருவுல ஆறு வீட்டுக்குத் தண்ணி லாரி வருது. எங்க வீட்டுக்கு முந்தின வீட்டோட நின்னுடுது. கேட்டா லிஸ்ட்டுல பேரு இல்லைங்கறாங்க. அந்த லாரிக்காரரு பாவம், பேப்பரைக் காட்டுறாரு. எங்க வீட்டுக் கிணத்துக்கு அந்தப் பேப்பரு தெரியலையேம்மா! கீழ மூணு கவுண்டருல கேட்டுட்டேன். வட்டத்துக்கு வெளிய இருக்கீங்க, வெளிய இருக்கீங்கன்னு ஏதோ நான் ஊருக்கே வெளிய இருக்குற மாதிரி சொல்றாங்க.”

வட்டக்கா வரைபடத்தைத் திறந்து வீட்டைக் கண்டுபிடித்தார். பங்க்கின் புள்ளியிலிருந்து நூற்று எண்பத்தேழு மீட்டர். வட்டத்துக்கு முப்பத்தேழு மீட்டர் வெளியே. தூரத்தைச் சரிபார்த்தார். மீட்டரா டிகிரியா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கீழே இருந்த மூன்று கவுண்டர்களும் சொன்ன அதே பதிலை அவரும் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“பங்க்குக்குப் பெட்ரோல் கொண்டு வர்ற லாரி உங்க வீட்டுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது. ஆனா ரிவர்ஸ் எடுக்குறப்ப கீ கீன்னு கத்தும் பாருங்க, அது எங்க அடுப்படியில கேக்கும்.”

“ரிவர்ஸ் எங்க எடுக்கும்? ரோட்டுலயா?”

“ரோட்டுல எங்க எடம்? உள்ள பின்னாடி கடேசி வரைக்கும் போய்த்தான் ஊத்துவாங்க.”

வட்டக்காவின் கை சுட்டியின் மேலே அப்படியே நின்றது. திரையில் பங்க்கின் புள்ளி சாலையை ஒட்டி, வாசலில் இருந்தது. எழுந்தார். அலமாரியிலிருந்து இடம் குறிக்கிற ஜி.பி.எஸ். கருவியை எடுத்துப் பைக்குள் போட்டார். “வாங்க, போலாம்” என்றார் தையல்காரம்மாவிடம். அவருக்கு அதைக் கேட்டதும்தான் கோபம் இறங்கிப் பயம் வந்தது. “எங்க?” என்றார். “உங்க வீட்டுக்குத்தான். பங்க் வழியா.”

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. மின்விசிறியைக்கூடப் போடாமல் உட்கார்ந்து புதிய புள்ளியை வைத்தார். பங்க்கின் பின்புறம் தரையில் ஐந்து இரும்பு மூடிகள். அவற்றின் கீழேதான் தொட்டி. அது வாசலிலிருந்து எழுபத்து நான்கு மீட்டர் உள்ளே. ஸ்கிரிப்ட்டை மறுபடியும் ஓடவிட்டார். வட்டம் நகர்ந்து உட்கார்ந்தது. தையல்காரம்மாவின் வீடு நூற்றுப் பதின்மூன்றாவது மீட்டரில். அவர் வீட்டோடு புதிதாக முப்பத்து நான்கு வீடுகள் உள்ளே வந்தன. முன்பு இருந்தவற்றில் ஒன்பது வெளியே போயின. அறுபத்து மூன்று இப்போது எண்பத்தெட்டு.

பல வருடங்களுக்கு முன் யாரோ ஒப்பந்த ஆட்கள் வண்டியில் வந்து, இறங்காமலே, வாசலுக்கு வாசல் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளை நம்பித்தான் அவர் ஏழு வருடமாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஊர்ல எல்லார்கிட்டயும் எங்கேருந்து எங்கேருந்துன்னு கேக்குறேன்” என்றார். “என் லிஸ்ட்டுகிட்ட ஒரு நாளும் கேக்கல.”

அன்றே அவர் எழுதிய கடிதம் திருத்தத்துக்காக என் மேஜைக்கு வந்தது. ஒரு பக்கம்தான். தொட்டி இருக்கும் இடம், பழைய புள்ளி, புதிய புள்ளி, விடுபட்ட வீடுகள். கடைசி வரி: ‘புள்ளிகளின் இடத்தைச் சரிபார்க்காமல் பட்டியல் தயாரித்தது என் தவறு.’

அவருடைய நிலைமை எனக்குத் தெரியும். ஒன்பது வருடமாக ஒப்பந்த ஊழியர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அந்த மாதம்தான் எங்கள் அலுவலக இன்ஜினியரின் மேஜைக்குப் போயிருந்தது. நான் பென்சிலை எடுத்து அந்தக் கடைசி வரியை அடித்து, ‘தவறு நேர்ந்துள்ளது’ என்று மாற்றினேன். அலுவலகத் தமிழ் அப்படிப்பட்டது; அதில் தவறுகள் நேரும், தாமதங்கள் ஏற்படும், கோப்புகள் காணாமல் போகும்; யாரும் எதையும் செய்ய மாட்டார்கள்.

அவர் படித்துப் பார்த்தார். “‘நேர்ந்துள்ளது’ன்னா என்ன சார்? மழை மாதிரி தானா வந்துச்சா?”

“அப்படித்தான் எழுதுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“தெரியும். ஆனா இது இலக்கணப் பிழை இல்லையே. நான் எழுதினதுல இலக்கணப் பிழை இருந்தா மட்டும் திருத்துங்க.”

அதில் பிழை இல்லை. அழிப்பானை எடுத்து என் திருத்தத்தை நானே அழித்தேன்.

அவருடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அன்று மாலை வீட்டில் நடந்ததை வட்டக்கா மறுநாள் காலை எனக்குச் சொன்னார். “அவரு வேணாம்னு சொல்லல. ‘ஃபைல்ல கையெழுத்து விழட்டும், அப்புறம் குடு. பத்து நாளுதானே’ன்னாரு. ‘அந்தப் பத்து நாளும் அவங்க என்னத்தைக் குடிப்பாங்க’ன்னு கேட்டேன். போய் வேனைக் கழுவ ஆரம்பிச்சுட்டாரு. அவருக்குப் பதில் தெரியலன்னா வேனைக் கழுவுவாரு. எங்க தெருவுலயே எங்க வேன்தான் சுத்தம்.”

கடிதத்தோடு நானும் இன்ஜினியரின் அறைக்குப் போனேன். பிரதியைக் கொண்டுபோக வேண்டியவன் என்பது சாக்கு. இன்ஜினியர் இரண்டு தடவை படித்தார். கெட்டவர் இல்லை, எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஜன்னலைப் பார்க்கிறவர், அவ்வளவுதான்.

“பட்டியல் மேல போயி பதிமூணு நாளாச்சும்மா. இப்ப மாத்தினா மொதல்ல போட்டது தப்புன்னு ஆகும்.”

“தப்புதான் சார்.”

“புள்ளி வச்சது நீங்க இல்லையே. அந்தக் கான்ட்ராக்ட் ஆளுங்கதானே? அப்படி எழுதிக் குடுங்க.”

“புள்ளி அவங்க வச்சது. வட்டம் நான் போட்டது. ஏழு வருஷத்துல ஒரு நாள் போய்ப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

இன்ஜினியர் ஜன்னலைப் பார்த்தார். “உங்க ஃபைல் இந்த மேஜையிலதான் இருக்கு. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“இந்த லெட்டரும் இதே மேஜைக்குத்தான் வருது.”

“மேஜை பெருசுதானே சார்” என்றார் வட்டக்கா.

துடுக்காகச் சொல்லவில்லை, அவர் உண்மையிலேயே மேஜையின் அளவைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். இன்ஜினியர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைத் திறந்தார். மறுநாள் காலை தையல்காரம்மாவின் தெருவில் லாரி கடைசி வீடு வரை போனது.

வேறொருவராக இருந்தால் அதோடு மூச்சு விட்டிருப்பார். வட்டக்கா அன்று அந்த அறையின் கதவுவரை போய்த் திரும்பினார். “சார், மீதி இருநூத்துப் பதிமூணு புள்ளி?”

“அதுக்கு ஆளும் கிடையாது, வண்டியும் கிடையாது.”

“ஆளு நான் இருக்கேன். வண்டி வேணாம். தினமும் மதியம் வரைக்கும் வெளிய போக விடுங்க.”

வண்டி அவர் வீட்டில் இருந்தது. பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டால் மதியம் இரண்டரை வரை வேன் சும்மாதான் நிற்கும். அப்படித்தான், பக்கவாட்டில் பட்டாம்பூச்சியும் பின்னால் ‘குழந்தைகள் ஏறி இறங்கும் வாகனம்’ என்ற எழுத்தும் கொண்ட மஞ்சள் வேனில், கணவனும் மனைவியும் சாயப்பட்டறை சாயப்பட்டறையாகப் போனார்கள். ஒரு நாள் நானும் போனேன். எண்ணெய்க் கிடங்கின் காவலாளி வேனைப் பார்த்துவிட்டு, “அட்மிஷனுக்கா? இங்க யாருக்கும் சின்னப் புள்ளைங்க இல்ல” என்றார். இன்னொரு இடத்தில் முதலாளியே வெளியே வந்து, “வரி ஆபீஸா?” என்று கேட்டார். “இல்லீங்க, புள்ளி ஆபீஸ்” என்றார் வட்டக்கா. அப்படி ஒரு அலுவலகம் இருக்கிறதா என்று யோசிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

கருவியைத் தொட்டிக்கு மேலேயோ கழிவுக் குழியின் ஓரத்திலேயோ வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் இடம் சரியாக விழும். அன்று கிடங்கில் ஒரு கறுப்பு நாய், சங்கிலி அறுந்துவிடும் போலக் குரைத்தது. நான் வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வட்டக்கா நின்ற இடத்திலேயே நின்றார். கணவர் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

“குடையை எடுங்க. மெஷினுக்கு வானம் தெரியணும்.”

“நீ கருகிக்கிட்டு நிக்கிற. அதுக்கு வானம் தெரியணுமாம்.”

“இன்னும் நாலு நிமிஷம்.”

கணவர் குடையை மடக்கவில்லை. கருவிக்கு நிழல் விழாமல், மனைவியின் ஒரு தோளுக்கு மட்டும் நிழல் விழும்படி, கையை நீட்டிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடமும் நின்றார்.

நாற்பத்தேழு நாள் ஆயிற்று. இருநூற்றுப் பதினான்கில் நூற்று எழுபத்தொரு புள்ளிகள் இடம் மாறின. மூன்று புள்ளிகள் ஒரே டீக்கடையில் இருந்தன. வந்த ஆட்கள் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே குறித்திருக்க வேண்டும். ஒரு சாயப்பட்டறை குளத்துக்கு நடுவில் இருந்தது. இன்னொன்றை மூடிப் பல காலம் ஆகி, அங்கே நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புள்ளியை நீக்கப் போனவர் நின்று, பழைய குழி மண்ணுக்குள் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, இருக்கிறது என்றதும் நீக்காமல் வைத்தார்.

இதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே ஒரு புகைச்சல். முதல் பங்க்கின் வட்டம் நகர்ந்தபோது வெளியே போன ஒன்பது வீடுகளில் ஒன்று அவருடைய நாத்தனார் வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்றபடியே கேட்டிருக்கிறார்: “ஏன் அண்ணி, ஊர் வீட்டையெல்லாம் உள்ள சேத்துட்டு என் வீட்டை வெட்டிட்டீங்களே! ஒரு எட்டு கூட்டிப் போட்டா கொறைஞ்சா போயிடுவீங்க?”

“ஒரு எட்டு இல்லம்மா, இருபத்தேழு எட்டு” என்று இவர் சொல்லியிருக்கிறார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாராம். நாத்தனார் மூன்று வாரம் பேசவில்லை.

ஆனால் அந்த ஒன்பது வீட்டுக்கும் லாரி உடனே நிற்கவில்லை. தண்ணீரைச் சோதிக்காமல் நிறுத்தக் கூடாது என்று வட்டக்கா இன்னொரு கடிதம் எழுதி, அதற்கும் கையெழுத்து வாங்கியிருந்தார். சோதனை முடிவு வந்தது. ஏழு கிணறுகளில் நல்ல தண்ணீர். நாத்தனார் வீட்டுக் கிணறும் அதில் ஒன்று; லாரி நின்றது. “கிணத்துல நல்ல தண்ணி இருக்குன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்ட ஒரே குடும்பம் எங்களுதுதான்” என்றார் வட்டக்கா.

மீதி இரண்டில் எண்ணெய் இருந்தது. அதில் ஒன்று தொட்டியிலிருந்து நூற்று அறுபத்து மூன்றாவது மீட்டரில், திருத்திய வட்டத்துக்கும் நன்றாக வெளியே. காகிதத்தில் இருந்த அந்த வீட்டை அவர் திரையில் மறுபடி அளந்து பார்த்தார். ஏழு வருடம் கற்றது, நாற்பத்தேழு நாள் நடந்தது, எல்லாவற்றையும் அந்த ஒரு வரி லேசாகத் தட்டிவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. அவர் சொன்னது வேறு.

“மண்ணுக்குள்ள போற தண்ணிக்கு என் வட்டம் எங்க தெரியும்? விதி நூத்தம்பதுங்குது, நான் நூத்தம்பது போடுறேன். அது ஆரம்பம்தான்.” அந்த இரண்டு வீடுகளையும் பட்டியலில் கையால் எழுதிச் சேர்த்தார்.

அந்த வருட நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. கோப்பில் மேலிடத்தில் யாரோ எழுதிய குறிப்பு என் மேஜை வழியாகத்தான் வந்தது: ‘பணியில் கவனக்குறைவு, தாமே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார்.’ நான் திருத்துவதற்கு அதில் பிழை எதுவும் இல்லை. மறைக்க மனம் வராமல் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“‘தாமே’ன்னு மரியாதையாத்தான் போட்டிருக்காங்க” என்றார். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதியில் நின்ற வேலைக்குத் திரும்பினார். அன்று மாலை வீட்டில் வேன் கழுவப்பட்டிருக்கும். அடுத்த வருடமும் விண்ணப்பித்தார். இந்த வருடமும் விண்ணப்பித்திருக்கிறார்.

இப்போது அங்கிருந்து போகிற ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் ஒரு வரி அச்சாகிறது: ‘இந்தப் பட்டியலில் உங்கள் வீடு இல்லை, ஆனால் தண்ணீரில் மாற்றம் தெரிகிறது என்றால் இந்த எண்ணில் சொல்லுங்கள்.’ அந்த வரியைச் சேர்க்கும்படி ஸ்கிரிப்ட்டில் எழுதியது அவர்தான். எண்ணும் அவருடைய சொந்தக் கைபேசி எண். அலுவலக எண்ணைப் போடலாமே என்று இன்ஜினியர் கேட்டதற்கு, “அது அடிச்சுக்கிட்டே இருக்கும் சார், யாரும் எடுக்க மாட்டாங்க” என்றாராம்.

நான் அந்த அலுவலகத்தை விட்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. இதை எழுதுவதற்காகப் போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். லிஃப்ட் இன்னும் இரண்டாம் மாடியோடுதான் நிற்கிறது. நிரந்தரம் ஆகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். கைபேசி அடித்தது.

“ஆமாங்க, நான்தான்… எந்தத் தெரு?... லிஸ்ட்டுல இல்லையா? இல்லாட்டி என்ன, பரவாயில்ல, சொல்லுங்க… எப்பலேருந்து வாடை வருது?”

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் தெருப்பெயரை எழுதினார். மறுமுனையில் இருந்தவர் இன்னும் பேசிக்கொண்டேயிருந்தார். மேஜைக்கு அடியில் வட்டக்காவின் கால்கள் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டிருந்தன.